என் பெயரில் ஒருத்தி

பர்னி
11 பிப்ரவரி

அன்புள்ள கோரலிக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா? ப்ரோடியும் டெஸ்ஸாவும் சௌக்கியமா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நீ அழுகிறாய், ஆறாவது நிமிடம் நான் கத்துகிறேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு, இனிமேல் நமக்குள் கடிதம்தான் என்று முடிவு செய்தோமே, அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். ஆறு வருடமாகச் சண்டையே இல்லை.

இல்லத்தில் ஒரே அமளி. புதுச் சட்டம் வந்திருக்கிறது. தெருவில் கிடந்தவர்களுக்கு வீடு கொடுத்துக் கவனித்துக்கொள்ளும் எங்களைப் போன்ற இடங்களில் இனி யார் வேலை செய்தாலும் போலீஸ் பதிவைச் சோதித்து அனுமதி வாங்க வேண்டும். சமையல்காரர், தோட்டக்காரர் யாருக்கும் விலக்கில்லை. பதினோரு வருடம் வேலை பார்த்த எனக்கும் இல்லை. எனக்கு இதில் வருத்தமே கிடையாது. போன வருடம் வேறொரு ஊரில் ஒரு பணியாள், அறைச் சாவி தன்னிடம் இருந்த தைரியத்தில் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தினான் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அவன் மேல் வேறு மாநிலத்தில் அதே மாதிரி இரண்டு வழக்கு இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

எங்கள் சமையல்காரர் லெஸ்தான் குதிக்கிறார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பப்ல ஒருத்தன் தாடையை உடைச்சேன். எட்டு மாசம் உள்ள இருந்தேன். இப்ப அதைத் தோண்டியெடுத்து என் சூப்புல போடப் போறாங்களா?" என்றார்.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க, லெஸ். சட்டம்னா சட்டம்தான்" என்றேன்.

"உனக்கென்னம்மா! உன் பேர்ல வேகமா கார் ஓட்டின கேசுகூடக் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் அறை நெவில் நன்றாக இருக்கிறார். கால்பந்து மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒன்பது வருடம் படுத்துக்கிடந்தவர். கதவைத் தட்டினால் இன்னமும் திறக்க மாட்டார். நான் தட்டுவதில்லை. வெளியே நின்று, "நெவில், நம்ம பசங்க ஜெயிச்சாங்களா?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து முதலில் ஒரு வசவு வரும், பிறகு தாழ்ப்பாள் சத்தம் வரும். சர்க்கரை நோய்க்காரர், காலில் புண். நர்ஸ் கட்டு மாற்ற வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா
ரேலீன்


கரி, கிங் தீவு
27 பிப்ரவரி

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தது. நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அலட்சியம் செய்யாதே.

இங்கே பத்து நாளாகக் காற்று. கடல்பாசி கரையெங்கும் ஒதுங்கிக் கிடக்கிறது, ஊரே நாறுகிறது. அதைப் பொறுக்கி விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ப்ரோடி இறால் படகில் போய்விட்டு ஞாயிறுதான் வந்தான். ஒரு நல்ல சேதி. டெஸ்ஸா முழுகாமல் இருக்கிறாள். அக்டோபரில் பிறக்குமாம். நான் பாட்டி ஆகப்போகிறேன், நம்புகிறாயா? அவன் உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்றான், நான்தான் பொறுக்காமல் எழுதிவிட்டேன். தெரியாத மாதிரி இரு.

முதியோர் இல்லச் சமையலறையில் வேலை அப்படியே போகிறது. பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்கிறேன். "கோரலி, இது கோழியா கேரட்டா?" என்று தினமும் ஒருவர் கேட்பார். தினமும் ஒரு பதில் சொல்வேன்.

உங்கள் சோதனையில் எவ்வளவு காலம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள்? பத்து வருடம்தானே? சும்மா கேட்டேன்.

அன்புத் தங்கை
கோரலி


பர்னி
20 மார்ச்

அன்புள்ள கோரலிக்கு,

நான் நலம். பாட்டியம்மாவுக்கு என் வணக்கம்! பஸ்ஸில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்து அழுதேன், எதிரில் இருந்தவர் கைக்குட்டை நீட்டினார். நம் கையில் ஒரு வயதில் காது வலி என்று ராத்திரி பகலாகக் கத்திக்கொண்டிருந்த பயல் அப்பா ஆகிறானா?

நீ கேட்டதற்குப் பதில்: பத்து வருடம் இல்லை, ஆயுசு முழுக்கப் பார்ப்பார்கள். எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் வந்துவிடும். ஆனால் பழைய குற்றம் இருந்தாலே வேலை போய்விடாது. எப்போது நடந்தது, அதற்குப் பிறகு ஆள் எப்படி இருந்தார் என்று பார்த்து முடிவு செய்வார்களாம். மறைத்தால்தான் ஆபத்து. பாரத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: 'எப்போதாவது, எங்காவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' லெஸ் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டு முக்கால் பக்கம் எழுதினார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அவருக்கு எழுத்துப்பிழை திருத்தினேன்.

அவ்வளவுதான் சேதி. டெஸ்ஸாவுக்கு வாந்தி இருந்தால் இஞ்சி பிஸ்கட் கொடு.

உன் அக்கா
ரேலீன்


பர்னி
9 மே

கோரலி,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை இல்லத்துக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் மேலாளர் பெதானி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ரேலீன், ஆபீசுக்கு வாங்க. உக்காருங்க" என்றாள். யாராவது செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நெவிலா என்று கேட்டேன். அவள் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அப்படியே எழுதுகிறேன், இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. 'ரேலீன் ஜாய் பாஸ்கோ. பிறந்த தேதி 3 நவம்பர் 1972. 2001 ஆகஸ்டில், தன் பராமரிப்பில் இருந்த எண்பத்தொரு வயதுப் பெண்ணைத் தாக்கி மணிக்கட்டு எலும்பை முறித்த குற்றம். நான்கு மாதச் சிறை, நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைப்பு.' மெல்போர்ன் பக்கத்து ஒரு கோர்ட்டின் பெயர். அதற்குக் கீழே, 'விண்ணப்பதாரர் இதை மறைத்திருக்கிறார்.'

நான் சிரித்துவிட்டேன், கோரலி. சிரிப்பு நிற்கவில்லை. பெதானி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இது நான் இல்ல" என்றேன்.

"உங்க பேரு, உங்க பிறந்த தேதி, உங்க லைசென்ஸ் நம்பர்."

"பதினோரு வருஷமா என்னைப் பாக்கறியே, நான் ஒரு கிழவியை அடிப்பேனா?"

அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே என் சாவிக்கொத்தைக் கேட்டாள். விசாரணை முடியும் வரை இல்லத்துக்குள் கால் வைக்கக் கூடாதாம். அங்கே இருப்பவர்களோடு பேசவோ எழுதவோ கூடாதாம். பையை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக வெளியே வந்தேன். லெஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அனுமதி போன வாரமே வந்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்ன நினைத்தாரோ. நானாக இருந்தால் என்ன நினைத்திருப்பேனோ அதைத்தான் நினைத்திருப்பார்.

2001 ஆகஸ்டில் நான் இங்கே அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தது ஒன்றுதான் நான் மெல்போர்ன் பக்கம் வந்தது. அப்போதுதான் என் லைசென்ஸ் தொலைந்தது, ஞாபகம் இருக்கிறதா? ரயிலில் யாரோ அடித்திருப்பார்கள் என்று நீ சொன்னாய். அவள்தான், அந்தத் திருடிதான் இதைச் செய்திருக்க வேண்டும். நீ அப்போது அங்கேதானே இருந்தாய்? முதியவர் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் யாரையாவது உனக்குத் தெரியுமா? நன்றாக யோசித்துச் சொல். எந்தச் சின்ன விஷயமானாலும் பரவாயில்லை.

உடனே எழுது.

ரேலீன்


கரி, கிங் தீவு
30 மே

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்கவே கஷ்டமாக இருந்தது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பண்ணை வேலியை வாலபிக் கங்காருகள் மறுபடி பிய்த்துவிட்டன. ப்ரோடி படகுக்குப் புது எஞ்சின் போட்டிருக்கிறான். டெஸ்ஸாவுக்கு இப்போது வாந்தி இல்லை. நீ சொன்ன இஞ்சி பிஸ்கட் வேலை செய்தது. நான் ஒரு டப்பா நிறையச் சுட்டு வைத்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அக்கா, அந்த வேலையை விட்டுவிடேன். இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல்? இங்கே வந்துவிடு. என் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. குழந்தை பிறந்தால் வீட்டில் ஆளும் வேண்டும். ஆபீஸ்காரர்களோடு மல்லுக்கட்டி நாம் ஜெயிக்க முடியாது. கைரேகை கொடு, அது கொடு, இது கொடு என்பார்கள். அதெல்லாம் கொடுக்காதே. ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வராது.

எனக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரையும் தெரியாது.

கோரலி


பர்னி
12 ஜூன்

அன்புள்ள கோரலிக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. கூப்பிட்டதற்கு நன்றி. ஆனால் ஓடிவந்து உன் பின்னறையில் உட்கார்ந்தால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடாதா?

கைரேகையை நான் மே மாதமே கொடுத்துவிட்டேன். பத்து விரலும். அந்தக் கான்ஸ்டபிள் சின்னப் பெண். என் விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் உருட்டிக்கொண்டே, "பயப்படாதீங்கம்மா, பேரு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்றாள். பழைய வழக்கில் எடுத்த ரேகையைத் தேடி எடுத்து ஒப்பிடுவார்களாம். காகிதக் காலத்துக் கோப்பு, வாரக்கணக்கில் ஆகுமாம்.

என்னை வாட்டுவது அது இல்லை. நெவில்.

நேற்று இல்லத்துக்கு எதிர்நடைபாதையில் போய் நின்றேன். போகக் கூடாதுதான். ஆறாம் அறைத் திரை மூடியே இருந்தது. லெஸ் குப்பை கொட்ட வந்தவர், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தார்.

"தினம் ஒரு புது ஆளு வருது, ரேலீன். ஏஜென்சியிலேருந்து. எல்லார்கிட்டயும் பளபளன்னு அனுமதி அட்டை இருக்கு. கதவை மூணு தட்டு தட்டறாங்க, 'பதில் இல்லை'ன்னு நோட்டுல எழுதறாங்க, போயிடறாங்க. சாப்பாட்டுத் தட்டை வாசல்ல வெச்சிட்டு வர்றேன். பாதி நாள் அப்படியே இருக்கு."

"நர்ஸ்?"

"அவங்களுக்கும் திறக்கலை."

"நீங்க போய் வெளியே நின்னு, நம்ம பசங்க ஜெயிச்சாங்களான்னு கேளுங்க."

"கேட்டேன். 'அவ எங்கடா'ன்னு உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்."

நான் அங்கே நின்றதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி அந்தத் தெருவிலும் நிற்கக் கூடாது.

உன் கடிதத்தில் நீயே இல்லை. என்னால் உன்னையும் கலவரப்படுத்திவிட்டேன் என்று தெரிகிறது. மன்னித்துக்கொள்.

ரேலீன்


பர்னி
4 ஜூலை

கோரலி,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை.

திங்கட்கிழமை நெவில் அறைக் கதவை உடைத்துத் திறந்தார்கள். தரையில் கிடந்திருக்கிறார். உயிர் இருக்கிறது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நோட்டுப்புத்தகத்தில் ஐந்து நாள் வரிசையாக, ஐந்து கையெழுத்தில், 'பதில் இல்லை' என்று இருந்ததாம். யாரும் விதியை மீறவில்லை. எல்லோரும் தட்டியிருக்கிறார்கள்.

நேற்று போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். என் விரல்கள் அந்த வழக்கின் விரல்கள் இல்லை என்று சொன்னார்கள். அந்தச் சின்னப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு, பழைய கோப்பிலிருந்து வந்த ஒரு நகலை மேஜைமேல் வைத்தாள். ஜாமீன் காகிதம். அடியில் என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தது.

"தெரிஞ்ச கையெழுத்தாம்மா?" என்று கேட்டாள்.

பெயரின் கடைசி எழுத்தைக் கீழே இழுத்து, தூண்டில் முள் மாதிரி மேலே வளைத்திருந்தது. அதைப் பார்த்தபோது என் கைப்பைக்குள், மடித்தபடி, உன் மே மாதக் கடிதம் இருந்தது, அதே வளைவோடு.

"தெரியலை" என்றேன். என் ஆயுசில் போலீஸிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

எனக்கு எழுது. மழையைப் பற்றி எழுதாதே.

ரேலீன்


கரி, கிங் தீவு
28 ஜூலை

அக்கா,

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே. நலமா என்று உன்னைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான்தான்.

அவள் பெயர் திருமதி ஹாலோரன். வாரத்தில் நான்கு நாள் அவளைக் குளிப்பாட்டி, வீட்டைத் துடைத்து, சூப் வைத்துக் கொடுக்கும் வேலை. அவள் கெட்டவள் இல்லை. நீ அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் இதைச் சொல்கிறேன். அன்று ப்ரோடிக்குக் காதில் சீழ், ஜுரம். விட்டுவர ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு போனேன். அவன் மூன்று மணி நேரம் கத்தினான். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. அவள், "அந்தப் பிள்ளையை வெளிய கொண்டுபோ, வெளிய கொண்டுபோ" என்று தடியால் தரையைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். திரும்பித் தள்ளினேன். இரண்டு கையாலும் தள்ளினேன், அக்கா. கால் இடறி விழுந்தாள் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். இடறவில்லை. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அதோடு போலீஸும் வந்தது.

அதற்கு முன்னாலேயே குழந்தைநல ஆபீசிலிருந்து ஒரு பெண் இரண்டு தடவை வந்து போயிருந்தாள். ப்ரோடியின் அப்பா செய்த ரகளைகளால். இன்னொரு தடவை போலீஸ் வரைக்கும் விஷயம் போனால் குழந்தையை எடுத்துக்கொள்வோம் என்று எழுதியே கொடுத்திருந்தாள். உன்னிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அடுத்த கப்பலில் வந்திருப்பாய்.

உன் லைசென்ஸ் சோபா இடுக்கில் கிடைத்தது. தபாலில் அனுப்பலாம் என்று பர்ஸில் வைத்திருந்தேன். உண்மையாகவே அனுப்பத்தான் வைத்திருந்தேன். போலீஸ்காரர், "பேரு?" என்றார். அடையாள அட்டை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். உன் முகம் மேலே இருந்தது. நம் இருவரையும் ஊரில் எல்லோரும் மாற்றித்தானே கூப்பிடுவார்கள்? "ரேலீன்" என்றேன். ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தானாக நடந்தது. விரல், கையெழுத்து, கோர்ட். நீதிபதி, "ரேலீன் பாஸ்கோ, எழுந்து நில்" என்றபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கே என் முகத்தைத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் இந்தத் தீவுக்கு ஓடிவந்தேன். காற்று நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

நீ பெருமையாக 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. அன்றைக்கே எழுதியிருந்தால் அந்த மனிதருக்கு இன்று கால் இருந்திருக்கும். நான் பிஸ்கட்டுக்குப் பாகு காய்ச்சினேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கோரலி


கரி, கிங் தீவு
21 ஆகஸ்ட்

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. மூன்று விமானங்கள் வந்து போயின. நீ உயிரோடு சுகமாக இருந்தால் போதும். பதில் வேண்டாம், இதைப் படி போதும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை போலீஸ் வீட்டுக்குப் போனேன். சார்ஜன்ட் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன கோரலி, மறுபடியும் வாலபியா? இந்தத் தடவை அரஸ்ட் பண்ணிடலாமா?" என்று சிரித்தார்.

"ஆமா. என்னைத்தான்" என்றேன்.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்லச் சொல்ல, கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அவர் பூட்ஸ்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. கடைசியில், "இதை என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். பிறகு, "இல்ல, சொல்லித்தான் ஆகணும்" என்றார். என் பத்து விரலையும் எடுத்தார். பொருந்திவிட்டது என்று நேற்றுச் சேதி வந்தது. அக்டோபர் பதினான்காம் தேதி அதே கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.

முதியோர் இல்லத்தில் நானே போய்ச் சொன்னேன். ஏப்ரனைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். நியாயம்தானே. தினமும் கோழியா கேரட்டா என்று கேட்பவர் சாப்பாட்டு அறை வாசலில் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். ஊருக்குத் தெரிந்துவிட்டது. சின்னத் தீவு.

ப்ரோடியிடம் சொன்னேன். அவன் நின்றுகொண்டே கேட்டான். "பெரியம்மாவுக்கு எப்பத் தெரியும்?" என்றான். சொன்னேன். "அவங்களை வேலையை விட்டு அனுப்பினப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சும் மூணு மாசம் சும்மா இருந்தியா?"

"உன்னை எடுத்துட்டுப் போயிருப்பாங்கடா. உனக்காகத்தான்…"

"என் பேரை அதுல இழுக்காதம்மா. எனக்கு அப்ப ஒரு வயசு. போன மே மாசம் எனக்கு இருபத்து நாலு. மே மாசம் யாருக்காக சும்மா இருந்தே?"

அவன் கடலுக்குப் போய்விட்டான். டெஸ்ஸா மட்டும் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

அவன் கேட்டதற்குப் பதில் எனக்காக என்பதுதான். உனக்கு எழுதிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கோரலி


பர்னி
17 செப்டம்பர்

கோரலி,

நான் நலமாக இருக்கிறேன். நீ மாத்திரை போட்டுக்கொள்வதை நிறுத்தியிருப்பாய் என்று தெரியும். போட்டுக்கொள்.

எழுதாமல் இல்லை. ஏழு கடிதம் எழுதினேன். அனுப்பியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். ஒன்றில் உன்னைத் தங்கையே இல்லை என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில் ப்ரோடி பிறந்தது முதல் நான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன், படித்துப் பார்த்து எனக்கே கூசியது. எல்லாம் அடுப்புக்குப் போயிற்று.

அனுமதி அட்டை வந்துவிட்டது. இந்த மாதம் இரண்டாம் தேதி வேலைக்குப் போனேன். பெதானி வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லெஸ், "உன்மேல ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன், ரேலீன். ஒரே நிமிஷம்தான்" என்றார். "நானா இருந்தா ஒரு வாரம் பட்டிருப்பேன்" என்றேன். ஆறாம் அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள். தட்டினால் திறக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நெவிலைப் பார்க்கப் போனேன். இப்போது வேறொரு ஊரில் நர்சிங் இல்லத்தில் இருக்கிறார். சக்கர நாற்காலியில் ஜன்னல் ஓரம். என்னைப் பார்த்ததும் அதே வசவு.

"எங்க போயிருந்தே?"

"பேர்ல குழப்பம் ஆயிடுச்சு, நெவில். என்னை வேற ஒருத்தின்னு நினைச்சுட்டாங்க."

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அந்தப் போர்வையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

இல்லத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நடந்தது நடந்துவிட்டது, இந்தச் சோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்போமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். தப்பு என்று முறையிடுபவர்களை மாதக்கணக்கில் காக்க வைக்காதீர்கள், ஓர் ஆளை நிறுத்தினால் அந்த ஆளையே நம்பி இருப்பவர்களுக்கு என்ன வழி என்று அன்றைக்கே யோசியுங்கள், அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சோதனை வேண்டாம் என்றால் திருமதி ஹாலோரன் பக்கம் நிற்பது யார்?

அவளைப் பற்றி விசாரித்தேன். நீ இருபத்து மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டாயா என்று தெரியவில்லை, உன் கடிதத்தில் இல்லை. அந்தக் கான்ஸ்டபிள் பெண் அவள் மகளோடு போனில் பேசியிருக்கிறாள். மணிக்கட்டு கூடியதாம். ஆனால் அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குள் விடப் பயந்தாளாம். கதவைத் திறக்கவே மாட்டாளாம். இரண்டு வருடம் அப்படி இருந்துவிட்டு, மகள் வீட்டில் இறந்திருக்கிறாள். மகள் கோர்ட்டுக்கு வருவாள். அவள் முகத்தைப் பார்க்க நீ தயாராக இரு.

அவள் கதவைத் திறக்க மாட்டாள் என்று கேட்டபோது ஆறாம் அறைக் கதவுதான் எனக்குக் கண்ணில் வந்தது. உன்மேல் இருந்த கோபம் எனக்காக மட்டும் இருந்தது அதுவரைக்கும்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் நானும் தருவதாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஒரு போன் போட்டு, "அக்கா, பிள்ளையைப் பிடுங்கிக்கப் போறாங்க, உன் பேரைச் சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால், சொல்லிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். தப்பு என்று தெரிந்தே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாய். பிறகு இந்த மே மாதம் மறுபடியும் எடுத்துக்கொண்டாய். இதில் எது பெரியது என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

ப்ரோடிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் பேசு என்று எழுதவில்லை. குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன், பிறந்ததும் கையளவு சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதினேன்.

பன்னிரண்டாம் தேதி கப்பலில் வருகிறேன். பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோர்ட் வாசலில் இருப்பேன். உன்னோடு பேசுவேனா என்று தெரியாது. பக்கத்தில் உட்காருவேன். உள்ளே 'கோரலி ஆன் பாஸ்கோ' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு நீ எழுந்து நிற்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

உன் அக்கா
ரேலீன்